மேச்சேரிக் காப்பும் சாந்திவனத்து மணியும்

அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் வெளியூரில் இரவு தங்குவதில்லை. பகலில் வேலை வெட்டியாக ஓமலூருக்கோ சேலத்துக்கோ போய் வரலாம். இருட்டுவதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வீட்டில் கவிச்சி கிடையாது. செருப்பைக் கழற்றிப் போட்டவர், வெறுந்தரையில் படுப்பவர், ஒருபொழுது மட்டும் சாப்பிடுபவர் என்று தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். வாயை அடக்குவதும் விரதத்தில் சேர்த்திதான். வரப்புத் தகராறு, பாகத் தகராறு எல்லாம் "நோம்பி முடியட்டும், பேசிக்குவோம்" என்று தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போனவற்றில் சில, நோம்பி முடிந்த பிறகு எடுக்கப்படாமலே போய்விடுவதும் உண்டு.

மேச்சேரி பத்ரகாளியம்மனுக்கு மாசியில் திருவிழா. தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஊர் நடப்பே வேறாக இருக்கும். ஓமலூருக்கும் மேட்டூருக்கும் நடுவே, சேலம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிற பேரூராட்சி இது. தாரமங்கலத்தில் கைலாசநாதர் கோவிலுக்குத் திருப்பணி செய்த கெட்டி முதலியார்கள், சண்டைக்குப் புறப்படும் முன் இந்த அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது சண்டைக்குப் போகிறவர்கள் இல்லை. கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பிள்ளைக்கு வரன் தேடுகிறவர்கள், லாரிக்குத் தவணை கட்ட முடியாதவர்கள் என்று அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் வந்து நிற்கிறது. எலுமிச்சம்பழத் தோலைக் குழித்து எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்த விளக்குகள், கற்பூரப் புகை, உடுக்கைச் சத்தம், சாமி வந்து ஆடுகிறவரைத் தாங்கிப் பிடிக்கும் நாலு கைகள். அமைதி தேடி வருகிறவன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டான்.

நானும் தேர்ந்தெடுக்கவில்லை. சில வருடங்களாகத் தூக்கம் சரியில்லை. எதைப் படித்தாலும் பாதியில் கை கைபேசிக்குப் போனது. வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிச்சல். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி என்ற ஊரில், காவிரிக் கரைத் தோப்புக்குள் சாந்திவனம் என்று ஓர் ஆசிரமம் இருக்கிறது, சாமியார்கள் கிறிஸ்தவர்கள், யார் போனாலும் தங்கவைப்பார்கள், மூன்று வேளை கூட்டுப் பிரார்த்தனை, மீதி நேரம் மௌனம் என்று ஒரு நண்பர் சொன்னார். பையைக் கட்டினேன்.

மேச்சேரியில் இருக்கும் அத்தையிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, வேப்பமரத்தடியில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, சாமி கும்பிட அவ்வளவு தூரம் போவணுமா? மாசியில காப்புக் கட்டிக்கிட்டு இங்கயே இருந்தா ஆவாதா?"

"அங்க சத்தமில்லாம இருக்கும் அத்தை."

"நானும் வாறேன்னு சொன்னா இதுகள யாரு பாக்கறது? போறவன் போய்ட்டு வா."

இங்கேயே இருந்தால் ஆகாதா என்ற அந்தக் கேள்வி வண்டியில் ஏறியும் என்னை விடவில்லை.

அத்தையின் ஆடுகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு மேச்சேரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆடுதான். செம்பழுப்பு நிறம், குட்டை மயிர், கொம்பில்லாத தலை. கம்பளிக்கு ஆகாது, கறிக்கும் தோலுக்கும் பெயர் போனது. தோல் பதனிடுகிறவர்கள் மேச்சேரித் தோலைத் தனியாகக் கேட்டு வாங்குவார்கள். இந்த இனத்துக்கென்றே 1978-ல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். புதன்கிழமைச் சந்தையில் விடியும் முன்பே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடித்துவிடுவார்கள். மழையை நம்பிக் கடலையும் சோளமும் போடுகிற செம்மண் காட்டில், மழை பொய்த்த வருடம் வீட்டைக் காப்பாற்றுவது ஆடுதான்.

இத்தனைக்கும் தண்ணீர் பக்கத்திலேயே நிற்கிறது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை, 120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்டது, அங்கிருந்து திறக்கிற தண்ணீர் டெல்டாவுக்குப் போகிறது. மேட்டு நிலமான எங்கள் ஊர்கள் பல தலைமுறையாக வானத்தைப் பார்த்தே இருந்தன. உபரிநீரை மேலேற்றிச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளை நிரப்ப 565 கோடி ரூபாய்த் திட்டம் போட்டதெல்லாம் சமீபத்து நடப்பு. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் ஒரு காட்சி உண்டு. அணை கட்டும்போது ஊரோடு மூழ்கிப்போன ஜலகண்டேஸ்வரர் கோவிலின் நந்தியும், அங்கே இருந்த கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்களும் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டும். குடும்பத்தோடு பரிசலில் போய்ப் பார்க்கிற கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

சேலத்திலிருந்து ரயில்

மேச்சேரியிலிருந்து ஓமலூர் வழியாகச் சேலத்துக்குப் பஸ். அங்கிருந்து கரூருக்கு ரயில். சேலம் - நாமக்கல் - கரூர் ரயில் பாதை 2013-ல்தான் வந்தது. அதற்கு முன் நாமக்கல்காரர்கள் ரயிலைப் பார்க்க வேண்டுமென்றாலே வேறு ஊருக்குப் போக வேண்டும். மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி என்று வண்டி நிதானமாகப் போகிறது. இருபுறமும் மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணைகளின் நீளமான கொட்டகைகள், தூரத்தில் கொல்லிமலை. நாமக்கல்லை நெருங்கும்போது பாடி கட்டி முடியாத லாரிகள் வெறும் எலும்புக்கூடாக வரிசையில் நிற்கும். இந்தச் சமவெளி ஓயாமல் உழைக்கிற சமவெளி. முட்டையும் லாரியும் ஆழ்துளைக் கிணறு வண்டியும் ராத்திரி பகல் பார்ப்பதில்லை.

அதே சமவெளியில்தான் ஒதுங்கி உட்கார்ந்தவர்களும் நிறைய. பாதைக்குக் கிழக்கே சேந்தமங்கலம். அங்கே சன்னியாசிக் கரடு என்ற பாறைக் குன்றின் குகையில் சுயம்பிரகாச அவதூத சுவாமிகள் பல்லாண்டு தவம் இருந்தார். குன்றின்மேல் தத்தாத்ரேயருக்குக் கோவில் எழுந்தது. அவருடைய சீடரான சாந்தானந்த சுவாமிகள் பின்னாளில் சேலம் உடையாப்பட்டியில் ஸ்கந்தாசிரமம் கண்டார். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலைச் சித்தர் கோவிலில் இன்றும் அமாவாசைக்கு நிற்க இடமிருக்காது.

சேந்தமங்கலத்துச் சுவாமிகளுக்கு முன்பே இன்னொருவர் இந்த வழியாக நடந்து போயிருக்கிறார். ராபர்ட் டி நொபிலி, தமிழில் தத்துவ போதகர். இத்தாலிப் பிரபு குடும்பத்தில் பிறந்த ஏசு சபைப் பாதிரியார். 1606-ல் மதுரைக்கு வந்தவர், காவி கட்டினார், கவிச்சியை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், துறவிபோல் குடிலில் இருந்தார். 1623-ல் மதுரையைவிட்டு வடக்கே கிளம்பிச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரப் பாதிரி இப்படி வேடம் போடலாமா என்று அவருடைய சபைக்குள்ளேயே வழக்கு நடந்து, ரோம் வரை போய், 1623 தொடக்கத்தில்தான் அவர் பக்கம் தீர்ப்பானது. நான் போய்க்கொண்டிருந்த ஆசிரமத்தின் கதைக்கு முதல் அத்தியாயம் அவர் எழுதியது.

லத்துவாடி தாண்டி மோகனூர். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்த ஊர். அங்கே ரயில் பாலம் ஏறும்போது, மேட்டூரில் விட்டுவிட்டு வந்த காவிரி அகன்ற மணலோடு மறுபடி எதிரே வருகிறது. கரூரில் வண்டி மாறினேன். மாயனூர்க் கதவணை, வெற்றிலைக் கொடிக்கால், பாய்க்கு அறுக்கிற கோரை, வாழை என்று தெற்குக் கரை பச்சையாக நீள்கிறது. எங்கள் ஊர்த் தண்ணீர் இங்கே வந்து இப்படிச் செழிப்பாக நிற்கிறதே என்ற சின்னப் பொறாமை இல்லாமல் எந்த மேச்சேரிக்காரனும் இந்த வழியில் பயணம் செய்ய முடியாது.

தோப்புக்குள் வந்த துறவிகள்

சாந்திவனத்தின் முழுப்பெயர் சச்சிதானந்த ஆசிரமம். 1950-ம் ஆண்டு மார்ச் 21-ம் தேதி இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கினார்கள். ஒருவர் ஜூல் மோன்ஷானன். குளித்தலைப் பக்கத்தில் பல வருடம் பங்குத் தந்தையாக இருந்தவர், ஏழை எளியவர்களோடு புழங்கியவர். இன்னொருவர் ஆன்ரி லெ சோ. பெனடிக்ட் சபைத் துறவி, 1948-ல் இந்தியா வந்தவர். இருவரும் காவி உடுத்தினார்கள். முன்னவர் பரம அரூபி ஆனந்தம் என்றும் பின்னவர் அபிஷிக்தானந்தா என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். கீற்றுக் குடிசை, மண் தரை, சைவச் சாப்பாடு.

ஆசிரமம் தொடங்குவதற்கு முந்தைய வருடம், 1949 ஜனவரியில், இருவரும் திருவண்ணாமலை போய் ரமணரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை லெ சோவின் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது. பிறகு அருணாசலக் குகைகளில் மாதக்கணக்கில் தனியாக இருந்தார். திருக்கோவிலூர்த் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைக் குருவாகக் கண்டார். மோன்ஷானனுக்கு அவ்வளவு தூரம் போக மனம் ஒப்பவில்லை. உடல்நலம் கெட்டு 1957-ல் பாரிஸில் இறந்தார். சீடர் கூட்டம் வரும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். ஒருவரும் நிலைத்துத் தங்கவில்லை. 1968-ல் லெ சோ இமயமலைப் பக்கம் போய்விட்டார். 1973-ல் இந்தூரில் காலமானார்.

கணக்குப் பார்த்தால் தோற்றுப்போன ஆசிரமம்தான். அதைக் கையில் எடுத்து நிறுத்தியவர் பீட் கிரிபித்ஸ். இங்கிலாந்தில் 1906-ல் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர், எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் அவருக்கு ஆசிரியர். 1955-ல் இந்தியா வந்து, கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்தில் இருந்துவிட்டு, 1968-ல் சாந்திவனம் வந்தார். 1993 மே 13-ல் சாகும்வரை அங்கேயே குடிசையில் இருந்தார். அவர் காலத்தில் உலகின் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆசிரமம் இத்தாலியிலிருந்து கிளைத்த கமால்டோலி பெனடிக்ட் துறவிகளோடு இணைந்தது. இன்று இருக்கும் துறவிகள் நம் ஆட்கள்.

வாசலிலேயே கோபுரம் நிற்கிறது. சுதைச் சிற்பங்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஊர்க் கோவில் என்றே நினைப்போம். கிட்டே போனால் மூன்று முகம் கொண்ட உருவம் சிலுவையோடு இருக்கும். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவரையும் திரிமூர்த்தி வடிவில் காட்டியிருக்கிறார்கள். கருவறைக்கு மேலே விமானம், அதில் புனிதர்கள், பத்மாசனத்தில் கிறிஸ்து, உச்சியில் தாமரை. உள்ளே கருவறை இருட்டு. எண்ணெய் விளக்கின் வெளிச்சம் மட்டும். மேச்சேரியில் வளர்ந்தவன் கண்ணுக்கு அந்த இருட்டு அந்நியமாகத் தெரியவில்லை.

சந்தனம், குங்குமம், விபூதி

விடியலில் ஒரு மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம் அவரவர் விரும்பிய இடத்தில் தியானம். ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் போகலாம், தென்னந்தோப்பில் உட்காருகிறவர்கள் உட்காரலாம். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மணி அடித்ததும் கோவிலில் கூட வேண்டும். வடமொழிச் சுலோகம், தமிழ்ப் பஜனை, உபநிடத வாசகம், தாவீதின் சங்கீதம், மாணிக்கவாசகர், தாயுமானவர் என்று ஒரே நாளுக்குள் எல்லாம் வந்துபோகும். காலைப் பிரார்த்தனையோடு திருப்பலி. ஒவ்வொரு வேளையும் ஆரத்தி.

ஒவ்வொரு வேளைக்கும் ஒரு திலகம். காலையில் சந்தனம்: நாள் முழுவதும் மணக்க வேண்டிய அருளுக்கு அடையாளம். மதியம் புருவ நடுவில் குங்குமம்: உள்ளே பார்க்கிற கண்ணுக்கு. மாலையில் விபூதி: அன்றைக்குச் சேர்ந்ததெல்லாம் எரிந்த மிச்சம் இது என்று நினைவூட்ட. தட்டு கைமாறி வரும். எங்கள் வீட்டில் பட்டையாக மூன்று விரலால் இழுப்பது வழக்கம். எனக்குக் கை தானாக அப்படிப் போனது. பக்கத்தில் இருந்தவர் ஒரு விரலால் தொட்டு நெற்றியில் சின்னதாக வைத்துக்கொண்டு தட்டைத் தள்ளினார். அவருக்குப் பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட நம்மூர்க் கத்தோலிக்க அம்மா, விபூதிப் புதனுக்குப் பூசுவதுபோல் சிலுவை வரைந்துகொண்டார். யாரும் யாரையும் திருத்தவில்லை.

காலைச் சாப்பாடு முடிந்ததும் காய் நறுக்கும் வேலை. விருந்தாளிகள் கை கொடுக்கலாம். அன்று ஒரு கூடை சின்ன வெங்காயம். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பாட்டி ஒருவர் கண்ணில் நீர் வழிய ஒவ்வொன்றாகக் கத்தியால் தோல் சீவிக்கொண்டிருந்தார். சமையலுக்கு வரும் உள்ளூர் அம்மா ஒரு சட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, வெங்காயத்தை அதில் கொட்டிக் காட்டினார். பாட்டிக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சமையல் அம்மா என் பக்கம் திரும்பி, "உங்களுக்குமா தெரியாது? எந்த ஊருங்க நீங்க?" என்றார். "சேலம் பக்கங்க" என்றேன். "ராசிபுரத்து வெங்காயம் தின்னு வளந்த ஊர்க்காரரு" என்று சிரித்துவிட்டு, உரித்ததை அள்ளிக்கொண்டு போனார். மௌனம் என்று சொல்லி வந்த இடத்தில் நான் முழு மனதோடு கேட்ட முதல் பேச்சு அதுதான்.

ஆரம்பத்தில் சுகமாக இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அறையில் கட்டில், மேசை, கொசுவலை, விசிறி, அவ்வளவுதான். அணைத்து வைத்த கைபேசி பைக்குள் கிடந்தும் கை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. தியானத்தில் உட்கார்ந்தால் கடன் தவணையும் பழைய அவமானங்களும் வரிசை கட்டி வந்தன. ஆற்றின் சத்தம் கேட்கும் என்று நினைத்து வந்தால், நெடுஞ்சாலை லாரியின் காற்று ஹாரன்தான் கேட்டது. அது நாமக்கல் வண்டியாகவும் இருக்கலாம். இவ்வளவு தூரம் வந்து இதற்குத்தானா என்று தோன்றியது.

பிறகு ஒரு கட்டத்தில் தூக்கம் வந்தது. பகலில் வந்தது, ராத்திரியும் வந்தது. அதற்கு நான் கண்ட காரணம் சாதாரணமானது. அங்கே எனக்கு எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எதைப் பாடுவது, எப்போது விளக்கணைப்பது எல்லாவற்றையும் மணி பார்த்துக்கொண்டது. வெளியே இருக்கும்போது காலையிலிருந்து இரவு வரை எதற்குப் பதில் சொல்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று ஓயாமல் தீர்ப்பு எழுதிக்கொண்டே இருக்கிறோம். அந்த நாற்காலியிலிருந்து இறங்கியதுதான் எனக்குக் கிடைத்த ஓய்வு. மனம் கொஞ்சம் தணிந்த பிறகு பிரார்த்தனை வார்த்தைகள் காதில் விழ ஆரம்பித்தன. சாயங்காலத் தியானத்துக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்தபோது, என் எரிச்சலுக்கு ஆளான முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன; அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது.

இரண்டு பக்கத்துக் கோபம்

இந்த ஆசிரமத்தின்மேல் கோபப்பட்டவர்கள் குறைவில்லை. காவியும் ஆரத்தியும் ஓங்காரமும் கிறிஸ்தவத்துக்கு ஆகாது என்று கத்தோலிக்கர்களிலேயே ஒரு சாரார் சொன்னார்கள். மதம் மாற்றுவதற்கு இந்துத் துறவை வேடமாகப் போட்டிருக்கிறார்கள் என்று இந்துக்களில் ஒரு சாரார் சொன்னார்கள். டெல்லியைச் சேர்ந்த சீதாராம் கோயல் 1988-ல் கத்தோலிக்க ஆசிரமங்களைத் தாக்கி ஒரு புத்தகமே வெளியிட்டார். நொபிலி காலத்து வழக்கு முந்நூற்றைம்பது வருடம் கழித்தும் முடியவில்லை.

இரண்டு கேள்வியும் நியாயமாகக் கேட்கத் தகுந்தவைதான். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். என்னிடம் யாரும் என் மதத்தைக் கேட்கவில்லை. ஞானஸ்நானப் பேச்சு எழவில்லை. திருப்பலியில் எனக்குப் பங்கில்லாத இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன், அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. லெ சோ கடைசிவரை இரண்டு நம்பிக்கைகளுக்கும் நடுவே கிடந்து அவதிப்பட்டதை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன. வேடக்காரனுக்கு அந்த அவதி தேவையில்லை.

குளித்தலைக்காரர்களுக்கு மூன்று வேளை வழிபாடு புதிதும் இல்லை. காலையில் குளித்தலைக் கடம்பவனநாதர், உச்சியில் அய்யர்மலை ரத்தினகிரீசர், மாலையில் ஆற்றுக்கு அக்கரையில் திருஈங்கோய்மலை மரகதாசலேசர் என்று ஒரே நாளில் மூன்று தலங்களையும் தரிசிப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். கார்த்திகைத் திங்கள்களில் அப்படிப் போகிறவர்கள் அதிகம். அய்யர்மலைக்கு ஆயிரத்துக்கு மேல் படி, அதுவும் உச்சி வெயிலில். திரும்பும் வழியில் நானும் ஏறினேன். பாதிப்படியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர், "மூணையும் ஒரே நாள்ல பாக்கறதுல புண்ணியம் இருக்கோ இல்லியோ, அன்னிக்கு வேற ஒண்ணையும் நெனைக்க நேரமிருக்காது தம்பி" என்றார். ஆசிரம மணி எனக்குச் செய்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அத்தைக்குச் சொன்ன பதில்

ஊருக்குத் திரும்பி அத்தையைப் பார்த்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. சாந்திவனம் எனக்குச் செய்ததும், காப்பு மேச்சேரிக்குச் செய்வதும் ஒரே வேலைதான். என்ன சாப்பிடுவது, எங்கே படுப்பது, சண்டையை எப்போது வைத்துக்கொள்வது என்று ஒரு ஊரே சில நாட்களுக்குத் தீர்மானம் செய்வதை நிறுத்தி வைக்கிறது. அம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

வித்தியாசமும் இருக்கிறது. ஆசிரமத்தில் ஒரு வேளைப் பிரார்த்தனைக்குப் போகாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது நம் மனசாட்சி மட்டும். மேச்சேரியில் காப்புக் கட்டியவன் டீக்கடையில் முட்டைப் போண்டாவைப் பார்த்தாலே, "என்னங்க, நோம்பியில்லீங்களா?" என்று நாலு குரல் வரும். ஆசிரமம் நம்மைக் களைப்பாக்குகிறவர்களிடமிருந்து தள்ளி உட்காரவைக்கிறது. அதனால் நம்மை நாமே பார்க்க முடிகிறது. காப்பு அவர்கள் நடுவிலேயே நம்மை நிறுத்தி வாயைக் கட்டுகிறது; அதனால் அவர்களைப் பொறுக்கப் பழகுகிறோம். முதலாவது எனக்குத் தேவையாக இருந்தது. இரண்டாவது இன்னும் கடினம்.

பெரிய வித்தியாசம் ஒன்று பாக்கி. விட்டுவிட்டுப் போக முடிந்தவர்களுக்குத்தான் ஆசிரமம். ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஆளில்லாத அத்தைக்கு, கைக்குழந்தைக்காரிக்கு, கோழிப்பண்ணையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவனுக்கு, லீவு கிடைக்காத டிரைவருக்குத் தோப்பும் மௌனமும் எட்டாது. அவர்களுக்கும் மனம் களைக்கிறது. வேலையை விடாமல், வீட்டை விடாமல், காசு செலவில்லாமல் அவர்களுக்கென்று இருக்கிற ஒரே ஒதுக்கம் இந்தக் காப்புதான். திருவிழா என்றால் மைக் செட்டும் ஆடல் பாடலும் என்று மட்டும் நினைத்து, விரதத்தைப் பாட்டிமார்களோடு விட்டுவிட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

இதையெல்லாம் அத்தையிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "அடுத்த மாசிக்கு வந்து காப்புக் கட்டிக்கிறேன் அத்தை" என்றேன். "வந்தா நெசம்" என்றார்.

போக நினைக்கிறவர்களுக்கு: சாந்திவனத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள், மார்கழி, தை மாதங்கள் நல்லவை, சித்திரை வெயில் தோப்புக்குள்ளும் தாங்காது. கைபேசியை அணைத்து வையுங்கள், மணி அடித்தால் எழுந்து போங்கள், வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். முதலில் வரும் அலுப்பைப் பார்த்துப் பாதியில் கிளம்பிவிட வேண்டாம். போக முடியாதவர்கள், உங்கள் ஊர் அம்மனுக்கு எப்போது காப்பு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் அதை முழுசாகக் கட்டிப் பாருங்கள்.